குதிரையின் காலும் கட்டும்

பழைய மொன்றியலில், பிளாஸ் ஜாக் கார்த்தியே பக்கம் முன்பு குதிரை வண்டிகள் நிற்கும். 2019 டிசம்பர் 31 உடன் நகரசபை அவற்றை நிறுத்திவிட்டது. இப்போது வந்திருக்கும் குடும்பங்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோரும் வண்டியின் சோடனையைப் பார்ப்பார்கள், நான் குதிரையின் காலைப் பார்ப்பேன். நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நின்று வேலை செய்பவனுக்குக் கண் அங்கேதான் போகும். அப்படித்தான் குதிரைக்காலைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் நாணும் தோலும்தான். அதனால் மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடும் குதிரைகளுக்குச் சிலர் காலுறை கட்டுவார்கள். கல் படாமலும், ஒரு குளம்பு மற்றக் காலில் அடிக்காமலும் அது காக்கும். ஆனால் ஆற்றைக் கடந்தால் மணலும் ஈரமும் உள்ளே புகுந்து தோலை உரசும். சூடு உள்ளே தங்கும், அது நாணுக்குக் கூடாது. வீக்கம் தொடங்கினாலும் வெளியே தெரியாது. (எங்கள் நெடுந்தீவுக் குதிரைகளுக்கு உறையும் இல்லை, இலாடமும் இல்லை. முதுகில் ஆளும் இல்லையே!)

கலிபோர்னியாவில் 1955 முதல் நடந்துவரும் ரெவிஸ் கப் ஓட்டம் 100 மைல். 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் பல இடங்களில் மிருக வைத்தியர்கள் நிற்பார்கள். காலைக் கையால் தடவிச் சூடும் வீக்கமும் பார்ப்பார்கள். பிறகு குதிரையைப் பிடித்து நேராக ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். முன்னங்கால் நோகும் குதிரை அந்தக் கால் நிலத்தில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். நொண்டினால் அதோடு நிறுத்தம். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் சோதனை உண்டு. முதல் பத்துக்குள் வந்த குதிரைகளில் உடல்நிலை சிறந்ததற்கு ஹகின் கப் என்று தனிப் பரிசு. முதலிடத்தைவிட அதுதான் பெரிது என்பது என் எண்ணம்.

எங்கள் வேலைத்தலத்தில் ஒரு அண்ணை முழங்காலில் இறுக்கமான பட்டி போட்டு, மேலே காற்சட்டையால் மறைத்துக்கொண்டு வருவார். நோவு தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மனைவி பிள்ளைகள் இன்னும் ஊரில். அவருக்கு இந்தக் குதிரைக் கதையைச் சொன்னேன். வேலையால் வந்த நோவென்றால் முதலாளிக்கு அறிவித்து, தான் விரும்பிய வைத்தியரிடம் காட்டி, சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி.க்கு விண்ணப்பிக்கக் கியூபெக் சட்டத்தில் இடமுண்டு என்பதையும் சொன்னேன். "நான் என்ன குதிரையோ?" என்று முதலில் கோபித்தார்.

போன கிழமை போய்விட்டு வந்தார். வைத்தியர் பட்டியைக் கழற்றச் சொல்லி, இரண்டு முழங்காலையும் தடவிப் பார்த்துவிட்டு, அறைக்குள் நடந்து காட்டச் சொன்னாராம்.