ஆடும் சக்கரமும் ஆராயும் அறிவும்

உஸூலுல் ஃபிக்ஹு என்னும் சட்டமூலக் கலையை ஓதிக் கொடுக்கும்போது, மாணாக்கர் கண்களில் ஓர் ஐயம் தோன்றுவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். 'இல்லத்' எனப்படும் காரணத்தைக் கண்டறியப் பெரியோர் வகுத்த வழிகளெல்லாம் கிதாபுக்குள்ளேயே நின்றுவிடுமோ என்பதே அவ்வையம். நின்றுவிடுவதில்லை என்பதை இராஜாக்கமங்கலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நமக்குக் காட்டிற்று.

நம் மருமகன் அவ்வண்டியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வருபவர். முன்சக்கரத்துக்குப் புதிய டயர் மாற்றிய நாள்தொட்டு, வேகம் 40 கிலோமீட்டரை நெருங்கும்போது ஹேண்டில்பார் இடமும் வலமுமாக நடுங்கலாயிற்று. "மாமா, டயர் மாட்டியவன் கெடுத்துவிட்டான், போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சினந்தார். மூன்று உயிர்களைச் சுமக்கும் வண்டி, அசட்டையாய் இருத்தற்கில்லை. அதே வேளை, ஓர் எளிய தொழிலாளியின் பெயரும் பிழைப்பும் அந்த நாலு வார்த்தையில் அடங்கியிருந்தன. ஐயங்களுள் பலவற்றை விலக்குமாறு பணிக்கும் ஸூரா ஹுஜுராத்தை நினைவூட்டி, முதலில் ஆராய்வோம் என்றோம்.

புதிதாக நேர்ந்த ஒன்றை அதற்கு மிக அண்மையான காலத்தோடு பொருத்திப் பார்ப்பது ஃபிக்ஹு விதிகளுள் ஒன்று. இமாம் ஸுயூத்தி (வஃபாத் ஹிஜ்ரி 911) தம் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் இதனை எடுத்தோதுகிறார்கள். டயர் மாற்றியபின் தோன்றிய நடுக்கம் ஆதலின், அங்கிருந்தே தொடங்குதல் முறை. ஆயினும் ஆய்வு தொடங்குமிடம் வேறு, தீர்ப்பு வேறு.

இமாம் தாஜுத்தீன் சுப்கியின் (வஃபாத் ஹிஜ்ரி 771) 'ஜம்உல் ஜவாமிஃ', காரணமறியும் வழிகளுள் 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்பதைக் கூறும். காரணமாகத் தகுவனவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தகாதவற்றைத் தள்ளுவது அது. அவ்வாறே வரிசைப்படுத்தினோம்: காற்றின் அளவு, டயரிலுள்ள அம்புக்குறியின் திசை, ஆக்சிலின் இறுக்கம், பேரிங், ரிம்மின் கோணல், ரிம்மில் டயர் அமர்ந்த விதம், ஹேண்டிலைத் தாங்கும் கோன் செட்.

காற்று சரியாயிருந்தது. அம்புக்குறி சக்கரம் உருளும் திசையையே காட்டிற்று. ஆக்சிலும் இறுக்கமே. நடு ஸ்டாண்டு போட்டு ஒருவர் பின்பக்கத்தை அழுத்த, முன்சக்கரம் நிலம் விட்டெழுந்தது. அதனை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தோம், பேரிங்கில் ஆட்டமில்லை. பின்னர் ஓர் ஈர்க்கை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினோம். ரிம்முக்கும் ஈர்க்குக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை, டயரோ நெளிந்தது. குனிந்து நோக்கினோம். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் சீராகத் தெரியவேண்டிய மெல்லிய கோடு, ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்திருந்தது. விளிம்பு முழுதாக அமரவில்லை.

காற்றை இறக்கி, விளிம்பில் சோப்பு நீர் தடவி, மீண்டும் காற்றேற்றக் கோடு சீராயிற்று. நிறுவனம் குறித்த அளவுக்குக் காற்றை அமைத்தபின், மருமகன் தனியே மெல்ல ஓட்டிப் பார்த்தார். நடுக்கம் பெரும்பாலும் நீங்கிற்று. எனினும் சிறிது எஞ்சிற்று. முன் பிரேக்கைப் பிடிக்கையில் 'டக்' என ஓர் ஒலியும் எழுந்தது.

ஒரு காரணம் அகப்பட்டதும் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது மனித இயல்பு. ஒரு ஹுக்முக்கு இரண்டு இல்லத்துகள் இருத்தல் கூடுமா என உஸூல் அறிஞர் நெடிது வாதிட்டது வீணன்று. வரிசையில் கோன் செட் இன்னும் சோதிக்கப்படாமலே இருந்தது. முன்சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் கீழ்நுனிகளைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்தோம். அதே 'டக்' கைக்குத் தட்டுப்பட்டது. கோன் செட் தளர்ந்திருந்தது. அது நாளடைவில் தேய்ந்து தளர்வது. டயர் மாட்டியவர் அதனைத் தொடவேயில்லை. மெக்கானிக் அதனை முறையாக இறுக்கித் தந்தபின் நடுக்கமும் இல்லை, ஒலியும் இல்லை. காரணம் உள்ளபோது காரியம் இருத்தலையும், காரணம் நீங்கக் காரியமும் நீங்குதலையும் சேர்த்துத் 'தவரான்' என்பர்.

ஆக, பழியில் ஒரு பங்கே அத்தொழிலாளிக்குரியது. மறுபங்கு வண்டியைப் பேணாதவருக்குரியது. மருமகன் கடைக்குப் போனார், சினத்தோடு அன்று. அந்தக் கோட்டைக் காட்டி, இனி மாட்டும் டயர்களில் கவனிக்குமாறு சொல்லி வந்தார். சொல்லாது விட்டிருந்தால், அடுத்து வருபவரின் குடும்பத்துக்கு அது இடராகலாம்.

நம் இல்லங்களில் வண்டி வைத்திருப்போர், டயர் மாற்றியதும் கடையை விட்டு நகருமுன் அந்தக் கோட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்க. முதல் ஓட்டத்தில் பெண்டு பிள்ளைகளை ஏற்றாமல், இரு கைகளும் ஹேண்டிலிலேயே இருக்க, மெதுவாகச் செல்க. பயண துஆ ஓதும் நாவுக்கு, சக்கரத்தை நோக்கும் கண் துணையாகட்டும்.