துளிர் பார்த்து வளர்ப்பது

யார் வீட்டுக்காவது போய், "எங்க எலுமிச்சை மரத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால், நான் காயைப் பார்க்க மாட்டேன். கிளை நுனிதான் முதலில் கண்ணில் படும். பூத்ததிலிருந்து பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும் பழம் அது. இன்று மரத்தில் தொங்கும் காய் போன பருவத்துக் கணக்கைத்தான் சொல்லும். மரத்தின் இன்றைய நிலவரம் துளிரில் இருக்கிறது.

எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய், சாத்துக்குடி எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் பொது. ஆண்டு முழுக்கச் சீராக வளராமல், அலை அலையாகத் துளிர் விடும். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தை, மாசியில் ஓர் அலை, ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று. புதுத் துளிர் வந்து இலை முற்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். எலுமிச்சைக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் வந்து சேரும். முற்றிய இலையை எந்தப் பூச்சியும் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. ஆகவே ஆண்டு முழுக்க மருந்துப் புட்டியோடு அலைய வேண்டாம். துளிர் வரும் காலத்தில் காலையில் ஐந்து நிமிடம் மரத்தடியில் நின்றால் போதும்.

முதலில் வருவது இலை துளைக்கும் புழு. இளம் இலையைத் திருப்பிப் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போகும். அந்தக் கோட்டின் நடுவில் மெல்லிய கறுப்பு இழை தெரியும், அது புழுவின் கழிவு. கோடு முடியும் இடத்தில் இலை ஓரம் லேசாக மடிந்திருக்கும். புழு கூட்டுப்புழுவாவது அந்த மடிப்புக்குள்தான். இதைப் பார்த்ததும் பலரும் கடைக்கு ஓடி, கடுமையான மருந்தாக வாங்கி வந்து அடிக்கிறார்கள். புழு தோலுக்கு அடியில் இருக்கிறது. மருந்து மேலே நிற்கிறது. சாவது இந்தப் புழுவைத் தின்னும் குளவிகள்தான். நன்கு வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். சுருண்ட இலைகூட அதற்குச் சோறாக்கும் இலைதான், கிள்ளி எறியத் தேவையில்லை. இளங்கன்றுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, ஒரு லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்துத் துளிர் விரல்நுனி அளவு இருக்கும்போதே சாயங்காலம் தெளிக்க வேண்டும். கோடு விழுந்த பிறகு தெளிப்பது வீண் வேலை.

கன்றைக் காக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புழு கீறிய இடத்தின் வழியாகத்தான் சொறிநோய் எளிதாக உள்ளே நுழைகிறது. இலையிலும் காயிலும் சொரசொரப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு எழும்பும் பழுப்புப் புள்ளிகள் அந்த நோயின் அடையாளம். அது பாக்டீரியா. மழைத்துளி தெறித்து ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் பரவும். காய்க்குள் சாறு கெடாது, ஊறுகாய்க்குத் தாராளமாக ஆகும். சந்தையில்தான் விலை போகாது.

அடுத்தவர் வண்ணத்துப்பூச்சி. துளிரில் ஒற்றை ஒற்றையாக மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரித்து வரும் சிறு புழு, பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இலை மேல் உட்கார்ந்திருக்கும். பெரிதானால் முழுப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டி நெடியடிக்கும். கன்றில் நாலைந்து புழு சேர்ந்தால் ஒரே வாரத்தில் மொட்டைதான். இதற்கு மருந்து எதற்கு? கையால் எடுத்துக் கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிடுவேன். கறிவேப்பிலை, வில்வம், எலுமிச்சை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். (கறிவேப்பிலை வீட்டுக்காரியின் பொறுப்பில் இருந்தால் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.)

இனி மஞ்சள் இலை. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். "அண்ணாச்சி, இலை மஞ்சளா இருக்கு, எப்சம் உப்பு போடவா?" எந்த இலை, எப்படி மஞ்சள் என்று கேட்டால் பதில் வராது. எப்சம் உப்பு மக்னீசியம் தரும், அவ்வளவுதான். மக்னீசியக் குறை கிழ இலையில் தெரியும். ஓரங்கள் மஞ்சளாகி, காம்புப் பக்கம் ஆப்பு வடிவில் மட்டும் பச்சை மிஞ்சும். துளிர் இலை வெளுத்து, நரம்பு மட்டும் வலைபோலப் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இலை சிறுத்து, குறுகி, குத்திட்டு நின்று, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகக் குறை. எங்கள் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேருக்கு எட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் கொட்டுவதைவிட இலைவழி கொடுப்பது மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை: மார்ச், ஜூலை, அக்டோபரில் புதுத் துளிர் வந்ததும் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்ஃபேட். இலை கருகாமலிருக்க அதில் பாதியளவு நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது என் பழக்கம். அந்த மூன்று மாதங்களும் துளிர்க் கணக்கில் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

எருவுக்கும் துளிர்தான் அளவுகோல். கை நிறையப் புண்ணாக்கும் யூரியாவும் போட்டால் துளிர் கொழுகொழுவென்று விடாமல் வந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் ஆண்டு முழுக்கப் பந்தி விரித்தாயிற்று, பூவும் வராது. பங்குனியிலும் ஐப்பசியிலும் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போதும்.

தண்ணீர் பாய்ச்சுவதில்தான் பெரும்பாலான வீட்டு மரங்கள் சாகின்றன. தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, தண்டு நனைய நனைய ஊற்றுவார்கள். தண்டின் அடியில் பட்டை வெடித்துப் பிசின் வடிய ஆரம்பிக்கும். பட்டை அழுகல் வளையமாகச் சுற்றிவிட்டால் மரம் அவ்வளவுதான். தூரில் மண்ணை மேடாக அணைத்துவிட்டு, கிளையின் நிழல் விழும் எல்லையில் வட்டப்பாத்தி கட்ட வேண்டும். உண்ணும் வேர் அங்கேதான், அதுவும் மேல்மண்ணில்தான். ஆகவே மரத்தடியில் மண்வெட்டி போடக் கூடாது. களையைக் கையால் பிடுங்கிப் போட்டு, சருகால் மூடாக்குப் போடுங்கள். ஒட்டுச்செடியானால் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்தை உடனே கிள்ள வேண்டும். விட்டுவைத்தால் மேலே உள்ள நல்ல ரகம் நலிந்து, அடிச்செடி மரமாகிவிடும்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை அப்படி விளைவதற்கு மலையடிவாரத்துச் செம்மண்ணும் நல்ல தண்ணீரும் காரணம். எங்களுக்கு வாய்த்தது கரிசலும் உவர்ப்பான போர்த் தண்ணீரும். எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்பு ஆகாது. இலை நுனி கருகினால் அதை நோய் என்று நினைக்காமல் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்க வழி இருந்தால் அதைக் கன்றுக்கு ஒதுக்குங்கள். கரிசலில் நடுவதாக இருந்தால் மேடு கட்டி, அதன்மேல் நடுவது உத்தமம்.

பூ விஷயத்தில் மரத்தைக் கொஞ்சம் வாடவிட வேண்டும். மழை நின்ற பிறகு சில வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும்போது எருவிட்டு நீர் பாய்ச்சினால் துளிரோடு பூவும் சேர்ந்து வரும். வந்ததில் பெரும்பகுதி உதிரும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். பூ உதிராமலிருக்கத் தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் குளமாக்கினால் எந்தக் கரைசலும் காப்பாற்றாது.

காய்ந்த குச்சிகளை அறுவடை முடிந்ததும் பச்சை தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவேன். 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து அது. தெளிக்க வேண்டுமானால் மயில்துத்தம் 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளக்கும் இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். பசைக்கு இதே இரண்டையும் பத்து மடங்கு, தண்ணீர் அதே ஒரு லிட்டர். அன்று கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

எறும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்டில் எறும்புச் சாரி ஏறினால் மேலே அசுவினியோ செதில் பூச்சியோ தேன் சுரக்கிறது என்று பொருள். எறும்பு அவற்றுக்குக் காவல். அதே சமயம் முசுறு என்னும் செவ்வெறும்பைக் கண்டால் நான் விரட்டுவதில்லை. தென்சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் முசுறுக் கூட்டை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டும் வழக்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. கடிக்குப் பயப்படாதவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு பூச்சி. எள்ளளவுதான் இருக்கும், பழுப்பு நிறம். துளிரில் தலையைக் கவிழ்த்து, பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழை விடும். கறிவேப்பிலையிலும் பெருகும். உலகின் பல பகுதிகளில் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவரும் 'கிரீனிங்' நோயைப் பரப்புவது இதுதான். இந்நோய்க்கு மருந்து இல்லை. இதன் மஞ்சளைத் துத்தநாகக் குறை என்று ஏமாறுவது எளிது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, நடு நரம்பை எல்லையாக வைத்து இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைபாடு என்றால் திட்டுகள் இரு பக்கமும் ஒத்திருக்கும். நோய் என்றால் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி, ஒழுங்கில்லாமல் இருக்கும். கூடவே காய் சிறுத்துக் கோணலாகி, விதையும் பொக்காகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியானால் மரத்தை வேரோடு எடுப்பதுதான் அக்கம்பக்கத்து மரங்களுக்குச் செய்யும் நன்மை.

நம் ஊரில் எலுமிச்சை பெரும்பாலும் கைமாறுவது பதியனாகத்தான். சொந்தக்காரர் வந்து, காயைப் பார்த்து ஆசைப்பட்டு, "ஒரு பதியன் போட்டுக் குடுங்க" என்பார். பதியன் போகும்போது தாய்மரத்தின் நோயும் கூடவே போகும். இலையில் கோணல் மஞ்சள் தெரியும் மரத்திலிருந்து பதியன் போட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் பழத்திலிருந்து எடுத்த விதையை, காயவிடாமல் அன்றே ஊன்றிக் கொடுங்கள். எலுமிச்சை விதையிலிருந்து வரும் நாற்றுகளில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும், விதை வழியே இந்த நோய் வருவதாகவும் நிரூபணமில்லை. காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.