காத்துக்கும் உண்டு சம்பளக் கணக்கு!

பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் காற்று வாங்க வேண்டுமென்றால் பீச் இருக்கிறது. இலவசம். சுண்டலுக்கு மட்டும் காசு. கோரிமேட்டு மச்சினனுக்கு நான் காற்று வாங்கிக் கொடுக்க, என் மனைவியின் நாலு பவுன் சங்கிலி பேங்க்குக்குப் போக வேண்டியிருந்தது!

மச்சினன் டிங்கரிங், பெயிண்டிங் இரண்டிலும் கெட்டிக்காரன். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் (ஊட்டி ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் இல்லை சார், இது பாண்டிச்சேரிக்கே சொந்தமான மேட்டுப்பாளையம்) எட்டு வருஷம் இன்னொருவர் ஷெட்டில் வேலை பார்த்தவன். இப்போது ஜிப்மருக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் தகரக் கொட்டகை பிடித்து, சொந்தத் தொழில். வீல் நட்டு கழற்ற இம்பாக்ட் கன், பட்டி தேய்க்க சாண்டர், பெயிண்ட் அடிக்க ஸ்ப்ரே கன்... மூன்றுமே காற்றில் ஓடுகிற ஜாதி. ஆகவே, கம்ப்ரசர் வேண்டும்.

"மாமா, நீங்க பி.காம். படிச்சவரு. கூட வாங்க, கணக்கு பாக்கணும்" என்றான்.

இதற்கு ஒரு சரித்திர முன்னுதாரணம் உண்டு. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க பிரெஞ்சு மேதை பாஸ்கலுக்கு ஆசை. அவர் பாரிஸில், மலை அவருடைய சொந்த ஊர்ப் பக்கம். 1648-ல் பாதரசக் குழாயோடு அந்த மலையில் ஏறியது யார் தெரியுமா? அவருடைய அக்கா புருஷன்! இன்று அழுத்தத்தை அளக்கிற அலகுக்கே பாஸ்கல் பேர். மலை ஏறிய மனுஷன் பேர் யாருக்குத் தெரியும்? 1954-ல் ஊரைவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் இந்த வழக்கத்தை மட்டும் நமக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைக்காரர் பெரிய டேங்க் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு ஹெச்.பி. சார். இருநூறு லிட்டர் டேங்க். இந்த ரேட்டுக்கு இவ்ளோ பெரிய டேங்க் எங்க தேடினாலும் கிடைக்காது."

மச்சினன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து வரும்?" என்றேன்.

"எட்டு சி.எஃப்.எம்." அதாவது, நிமிஷத்துக்கு எட்டு கன அடி.

பிளேட்டைக் குனிந்து பார்த்தேன். பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மெண்ட் 8 என்று இருந்தது. "இது பிஸ்டன் இழுக்கிற கணக்கு. வெளியில வர்றது எவ்ளோ?" அவர் அரை மனதாகக் கேட்டலாக்கைப் புரட்டினார். ஃப்ரீ ஏர் டெலிவரி... அஞ்சரை!

ஆபீஸ் போகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மெண்ட் என்பது அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் போட்டிருக்கிற சம்பளம். வால்வில் கசிந்தது, சூட்டில் போனது, சிலிண்டர் மூலையில் தங்கியது எல்லாம் பி.எஃப்., டாக்ஸ், சொசைட்டி லோன். கடைசியில் கவரில் வருவதுதான் ஃப்ரீ ஏர் டெலிவரி. டேங்க்? அது சேவிங்ஸ் அக்கவுண்ட்.

பிரஷரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த டூல்களுக்கு 6 பார், அதாவது சுமார் 90 பி.எஸ்.ஐ. போதும், மெஷின் 8 பார் வரை ஏற்றும்.

கேட்டலாக் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். 200 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6-க்கு இறங்கினால் வெளியே வருவது 400 லிட்டர் காற்று. கன அடியில் 14. மச்சினனின் சாண்டர் நிமிஷத்துக்கு 12 கன அடி குடிக்கும். வரவு அஞ்சரை, செலவு பன்னிரண்டு. மோட்டார் விடாமல் ஓடினாலும் ரெண்டே நிமிஷத்தில் அக்கவுண்ட் காலி! ஒரு கார் கதவுக்குப் பட்டி தேய்த்து முடிக்க ரெண்டு நிமிஷம் எந்த மூலைக்கு? இம்பாக்ட் கன் அப்படியில்லை. டர்ர்ர் என்று ரெண்டு அடி, அப்புறம் ஓய்வு. அதற்கு சேவிங்ஸ் போதும்.

"அப்போ அஞ்சு ஹெச்.பி. எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் அசராமல். அதற்கு த்ரீ ஃபேஸ் கனெக்ஷன், டெபாசிட், வயரிங்... வீட்டில் இன்னொரு நகை இருக்கிறது. அதைப் பற்றி வாயைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "மாமா, சாண்டரை மட்டும் கரண்ட்ல ஓடுறதா வாங்கிட்டா?"

எனக்குத் தோன்றாத யோசனை! கரண்ட்டைக் காற்றாக்கி, காற்றை மறுபடி சுழற்சியாக்குகிற வழியில் பெரும்பங்கு வெறும் சூடாகப் போய்விடுகிறது. நேராகவே கரண்ட்டில் ஓட்டினால் பில்லும் மிச்சம். ஸ்ப்ரே கன்னுக்கு 7 கன அடி போதும். மூணு ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ், கவரில் வருவது 9 கன அடி என்று ஒன்றை முடித்தோம். கோயமுத்தூர்ச் சரக்கு. கம்ப்ரசருக்குப் பேர்போன எல்ஜி (டி.வி. விற்கிற கொரியா கம்பெனி இல்லை) 1960-ல் தொடங்கியதும் அங்கேதான்.

கூடவே தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்றை அடம் பிடித்து வாங்கினேன். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அழுத்தினால் டேங்க்குக்குள் தண்ணீராக இறங்கும். உள்ளே துரு, வெளியே பெயிண்ட்டில் கொப்புளம். சாயங்காலம் கடை சாத்துமுன் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது என் கண்டிஷன். பையன் தவறாமல் செய்கிறான். முதல் நாள் வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்துக் காட்டினான். காப்பிக் கலர்!

முதல் மாசம் மூணு கார் வந்தன. ரெண்டுக்குப் பணம் வந்துவிட்டது. மூணாவது, தெரிஞ்சவர் கார். சங்கிலி இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது.