சான் கின்டீனுக்குச் சென்ற பதினால்வர்

பயணக் கட்டுரை எழுதுபவர் அந்த ஊருக்குப் போய் வந்திருக்க வேண்டும் என்பது முறை. நாமோ மெக்ஸிகோ நாட்டை நிலப்படத்தில் மட்டுமே கண்டிருக்கின்றோம். தண்டவாளப் பணியாளராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, நாகபுரியில் சரக்கு அலுவலகக் குமாஸ்தாவாக அமர்ந்திருக்கும் நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்த் திரும்புவதே பெரும்பயணம். எனினும் சென்ற ஆண்டு நம் தமக்கையின் மகன் மேற்கொண்ட தொண்டுப் பயணம் ஒன்று நம் உறக்கத்தைச் சில இரவுகள் கெடுத்தது. அதனை நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

மருமகன் கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே கணிப்பொறித் துறையில் பணியாற்றுகின்றான். அவன் ஞாயிறுதோறும் செல்லும் தேவாலயத்தார் ஆண்டுதோறும் புனித வாரத்தில் எல்லை கடந்து மெக்ஸிகோவுக்குச் சென்று, ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்டித் தந்து திரும்புவது வழக்கம். அப்பக்கத்துத் தேவாலயங்கள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டு. எல்லை அங்கிருந்து அரைமணி நேரத் தொலைவுதான். சென்ற ஆண்டுக் குழுவில் பதினான்கு பேர். நான்கு நாள் பணி. முடிந்த அன்றே கைப்பேசியில் நமக்குப் படங்கள் வந்தன. சுத்தியல் ஏந்திய மருமகன், வண்ணம் பூசும் மருமகன், அழுக்குச் சட்டை அணிந்த சிறுமி ஒருத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரிக்கும் மருமகன்.

அந்தச் சிறுமியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அச்சிரிப்பு நமக்குத் தெரிந்த சிரிப்பு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அவர்களுள் நம் தந்தையாரும் ஒருவர். நமக்கு வயது பதினான்கு, மருமகனுக்கு நான்கு. அதன்பின் உதவி வந்தது. வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் லாரி லாரியாகப் பழந்துணி வந்து சாலையோரத்தில் குவிந்து, உடுத்துவாரின்றி மண்ணோடு கிடந்ததையும் கண்டோம். கம்பளிச் சட்டைகூட ஒன்று நம் கைக்கு வந்தது. கடற்கரைக் குப்பத்தில் கம்பளிச் சட்டை! வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவினர் தற்காலிகக் குடியிருப்பின் சுவர்களுக்கு ஐந்து நாள் வண்ணம் பூசினர். போகும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொட்டலம் கொடுத்தனர். மருமகன் நம் இடுப்பில் இருந்தான். சிரிக்கும்படி ஒருவர் சைகை காட்டினார். சிரித்தோம். தந்தையார் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் படம் எந்த ஊரில் எந்தச் சுவரில் தொங்குகின்றதோ!

ஆதலின் மருமகனுக்குக் கடுமையாகவே எழுதினோம். "தம்பி, அந்தப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டா படம் எடுத்தாய்? போய்வரும் செலவை அப்படியே அனுப்பியிருந்தால் அந்த ஊர்க் கொத்தனே நான்கு வீடு கட்டியிருப்பானே" என்று எழுதினோம். அத்துடன் நில்லாமல், நம் சங்கத்து நூல்களைப் பேணிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவிடமும் இதைச் சொன்னோம். அவர் இவான் இல்லிச் என்னும் பாதிரியாரைப் பற்றிச் சொன்னார். வியன்னாவில் பிறந்த இல்லிச், 1961-இல் மெக்ஸிகோவின் குவெர்னவாக்கா நகரில் ஒரு நிலையம் தொடங்கி, அந்நாடுகளுக்கு வரும் குருமார்க்கும் தொண்டர்க்கும் மொழி பயிற்றியவர். அத்தகையவரே 1968 ஏப்ரலில், மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் மாணவர்களின் மாநாட்டில் எழுந்து நின்று, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்னும் பொருள்படப் பேசினாராம். நமக்குப் படைக்கலம் கிடைத்தது போலாயிற்று. அதனையும் மருமகனுக்கு எழுதி அனுப்பினோம்.

ஒன்பது நாள் மறுமொழி இல்லை. தமக்கையார் ஊரிலிருந்து பேசி, "பிள்ளையை என்ன சொன்னாய்? என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை" என்று கடிந்துகொண்டார். பத்தாம் நாள் ஞாயிறு காலை மருமகனே அழைத்தான். இரண்டு மணி நேரம் பேசினான்.

அவர்கள் சென்ற சான் கின்டீன் எல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், பாஜா கலிபோர்னியா மாநிலத்தில் கடலோரமாக உள்ள பள்ளத்தாக்கு. சாலையின் இருபுறமும் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் விளைகின்றன. விளைவதில் பெரும்பகுதி எல்லை கடந்து அமெரிக்கக் கடைகளுக்குப் போய்விடும். நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டமையால் பெரும்பண்ணையார்கள் உப்பு நீக்கும் ஆலை வைத்துப் பயிருக்கு நன்னீர் பாய்ச்சுகின்றனர். பறிப்பவர் குடியிருப்புகளுக்கோ தண்ணீர் லாரி வர வேண்டும். பலகையும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு அடைத்த குடிசைகள் பல.

அக்குடிசைகளில் வாழ்வோர் பெரும்பாலும் அம்மண்ணின் மக்கள் அல்லர். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், நாட்டின் தென்கோடியை அடுத்த வஹாக்கா மாநிலத்து மலையூர்களிலிருந்து பிழைக்க வந்த மிக்ஸ்டெக், திரிக்கி இனத்தார். வீட்டில் அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி அன்று, தத்தம் தாய்மொழி. கடையிலும் மருத்துவமனையிலும் அம்மொழி செல்லாது. இதைக் கேட்டபோது நமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. நாகபுரிக்கு வந்த முதல் ஆண்டில் இந்தி தெரியாமல் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. நமக்காவது மாதச் சம்பளமும் ரயில்வே குடியிருப்பும் இருந்தன.

2015 மார்ச் 17-ஆம் நாள் அத்தொழிலாளர் பல்லாயிரவர் வேலையை நிறுத்தி நெடுஞ்சாலையை மறித்தனர். நாளொன்றுக்கு 100 முதல் 120 பெசோ அளவில் வாங்கியவர்கள் 300 பெசோ கேட்டனர். சமூகக் காப்புறுதியும் கேட்டனர். சில மாதம் கழித்து ஏற்பட்ட உடன்பாட்டில் கிடைத்தது கேட்டதில் ஏறத்தாழப் பாதி. இச்செய்தி பதினான்கு பேரில் ஒருவருக்கும் புறப்படும்போது தெரியாதாம். மருமகன் திரும்பிய பின்னரே தேடிப் படித்திருக்கின்றான். "நாங்கள் வழியில் தின்னக் கொண்டுபோன ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியிலேயே பாஜா கலிபோர்னியா என்று அச்சிட்டிருந்தது, மாமா" என்றான்.

வீடு கட்டிய கதையையும் சொன்னான். பதினான்கு பேரில் ஆணி அடிக்கத் தெரிந்தவர் மூவர். அடுத்த குடிசைக்காரர் ஐம்பது வயது மிக்ஸ்டெக். தோட்டத்தில் பறிப்பு வேலை செய்பவராயினும் ஊரில் கொத்து வேலை பழகியவர். முதல் நாள் இவர்கள் பலகையை நிறுத்தும் அழகைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மட்டக்கோலை வாங்கிக்கொண்டாராம். நான்கு நாளும் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. புனித வாரமோ ஸ்ட்ராபெர்ரி பறிப்பு மும்முரமாக நடக்கும் காலம். எடை கணக்கிலும் பெட்டி கணக்கிலும் கூலி பெறுவோர்க்கு ஆண்டில் நாலு காசு மிஞ்சும் நாள்கள் அவைதாம். அவற்றில் நான்கை அவர் விட்டார். குழுவில் ஸ்பானியம் அறிந்த ஒருவர் வாயிலாக, ஏன் என்று கேட்டதற்கு, அவர் "தெக்கியோ" என்றாராம். வஹாக்கா ஊர்களில் சாலை போடவும் பள்ளி கட்டவும் வாய்க்கால் வெட்டவும் வீட்டுக்கு ஒருவர் கூலியின்றி உழைக்கும் வழக்கத்துக்கு அப்பெயர். நம் பக்கத்துக் குடிமராமத்துப் போன்றது. அங்கு இன்றும் நடக்கின்றது. ஒருவன் வீடு கட்டும்போது அண்டை வீட்டான் சும்மா இருப்பதெப்படி என்பது அவர் கருத்து.

குமாஸ்தா புத்தி, வரவு செலவு எழுதத் தொடங்கியது. அறுநூறு டாலர் கொடுத்துப் போன நம் பிள்ளை ஒரு பக்கம். நான்கு நாள் கூலியை விட்டுக்கொடுத்த அந்த மனிதர் மறுபக்கம். யார் பெயரை எந்தப் பத்தியில் எழுதுவது?

"பணத்தை மட்டும் அனுப்பலாமே என்றீர்கள், மாமா. போகாமல் இருந்திருந்தால் எங்கள் கோவிலில் ஒருவரும் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அது நல்லதன்று, ஆனால் உண்மை" என்றான் மருமகன். பின்னர்ச் சற்று நிறுத்தி, "அன்று நம் ஊருக்கு வந்தவர்களில் ஒருவர்கூட நல்லவர் இல்லையா?" என்று கேட்டான்.

இருந்தார். நாம் அவரை மறந்தே போயிருந்தோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருவர். பொட்டலம் கொண்டுவரவில்லை, படம் எடுக்கவில்லை. கிராம அலுவலகத் திண்ணையில் மூன்று நாள் அமர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு நிவாரண மனு எழுதிக் கொடுத்தார். நம் அன்னையார் தந்தையாரின் பெயரைச் சொல்ல வாயெடுத்து அழுத போதெல்லாம் பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார். மறு ஆண்டும் வந்து, பணம் வந்ததா என்று வீடு வீடாகக் கேட்டுப் போனார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நமக்கு, படிவம் எழுதுவதும் ஒரு வேலைதான் என்று தோன்றியது அந்தத் திண்ணையில்தான்.

இதனை மருமகனிடம் சொன்னோம். எழுதிய கடுஞ்சொற்களுக்காக வருந்துவதாகவும் சொன்னோம். படத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தேவாலயத்து அறிவிப்புப் பலகைக்கு அந்தப் படத்தைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டதாகப் பின்னர்த் தமக்கையார் வாயிலாக அறிந்தோம்.

இப்பொழுது அவன் மாலைதோறும் ஸ்பானியம் படிக்கின்றான். புறப்படும் நாளில் அந்தக் கொத்தனாரிடம், அடுத்த ஆண்டு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருக்கின்றான். ஒன்றும் வேண்டாம், பறிப்பு இல்லாத குளிர்காலத்தில் வாருங்கள், எனக்குக் கூலி போகாது என்றாராம் அவர். அவர்கள் புனித வாரத்தைத் தேர்ந்தது அமெரிக்காவில் விடுமுறை அப்பொழுது கிடைக்கின்றது என்பதற்காகவே. தோட்டத்துப் பருவத்தை ஒருவரும் கேட்டதில்லை. மருமகன் தேவாலயக் கூட்டத்தில் எழுந்து இதனைச் சொல்லி நாளை மாற்றக் கோரியிருக்கின்றான். ஆறு பேர் ஒப்புக்கொண்டனர் என்று சென்ற வாரம் செய்தி வந்தது. மற்ற எண்மருக்கு அம்மாதத்தில் விடுப்பு இல்லையாம்.