தேய்மானமே இல்லாத கார்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வண்டியைப் பார்த்தாலும் மனசுக்குள் தேய்மானம் போடுவோம். ஷோரூம் வாசலைத் தாண்டினால் இவ்வளவு போச்சு, அஞ்சு வருஷத்தில் பாதி போச்சு! கல்யாண ஊர்வலத்தில்கூட மாப்பிள்ளை கண்ணில் பட மாட்டார், கார்தான் படும்.

இந்தக் கணக்கைக் கிண்டல் செய்கிற கார் ஒன்று இருக்கிறது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை மொத்தமே 36தான் செய்தார்கள்.

பெயரில் உள்ள அந்த 'ஓ', 'ஒமொலொகாட்டோ' என்ற இத்தாலிய வார்த்தை. பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்றது என்று அர்த்தம். நூறு கார் செய்தால்தான் அங்கீகாரம் என்பது விதி. ஃபெராரியோ, இது புதுசே இல்லை, பழைய 250 ஜி.டி.யின் திருத்திய வடிவம்தான் என்று வாதாடி ஜெயித்தது. புது அட்டை போட்டு பழைய நோட்ஸை விற்பார்களே, அதற்கு நேர் எதிர்!

ஏனென்றால் உள்ளே சரக்கு அப்படி. 3 லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 300 குதிரைத் திறன். 62, 63, 64 மூன்று வருஷமும் தன் பிரிவில் உலகப் பட்டம். வேகம் காட்டும் முள்ளே கிடையாது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்தான். முன்னால் போகிறவனை முந்தினால் போதாதா? வேகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது!

அமெரிக்காவில் அன்றைய விலை சுமார் 18,000 டாலர். பணம் மட்டும் போதாது, என்ஸோ ஃபெராரியும் தலையாட்ட வேண்டும். கிட்டத்தட்ட பெண் கேட்கிற மாதிரி.

பந்தயத்துக்குப் புது கார்கள் வந்ததும் மவுசு இறங்கியது. டெக்ஸாஸில் ஒரு ஜி.டி.ஓ. பள்ளிக்கூடத்துக்கு இனாமாகப் போனது. பையன்கள் அதில் மெக்கானிக் வேலை பழகினார்கள். 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கியவர் ஒஹையோவில் திறந்தவெளியில், டிரெய்லர் மேலேயே வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்தார். தேய்மானப் பாடம் அதுவரை சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் கதை மாறியது. 2018-ல் கலிஃபோர்னியா ஏலத்தில் ஒரு ஜி.டி.ஓ. 4 கோடியே 84 லட்சம் டாலர். 2023-ல் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம்!

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. இத்தனை கோடியை யார் தைரியமாக வளைவில் திருப்புவார்கள்? பீரோவில் பூட்டிய பட்டுப் புடவை மடிப்பிலேயே இற்றுப்போகும் இல்லையா? ஓடுவதற்கென்றே செய்த வண்டி ஓடாமல் நின்றால், அந்த நஷ்டத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1970-களில் ஒரு ஜி.டி.ஓ. வாங்கினார். விலை எங்கேயோ ஏறிய பிறகும் அதைப் பழைய கார் பந்தயங்களில் இறக்கி விரட்டினார். கீறல் விழுந்தால்? விழட்டுமே!

ஆடிட்டர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். என் கணக்கில், அந்த 36 பேரில் காருக்குக் கொடுத்த காசை முழுசாக வசூல் செய்தவர் அவர்தான்.