சென்ட் என்ன விலை போகுது?

உங்கள் சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் இன்றைக்கு என்ன விலை? பட்டென்று பதில் வந்தால், ஒன்று நீங்கள் புரோக்கர். இல்லாவிட்டால் என்னைப் போல ஊரை விட்டு வந்தும் ஊர் நிலவரம் விசாரிக்கிற ஆசாமி!

எனக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர். பக்கத்து சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் போகும்போது, டீக்கடை பெஞ்ச்சில் உட்கார்ந்து ரேட் கேட்பேன். மும்பை தலால் தெருவுக்குச் சற்றும் குறையாத சந்தை அது. ''மெயின் ரோட்டு மேல கேக்கவே வேண்டாம் அண்ணாச்சி... போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஏறித்தான் கெடக்கு'' என்பார்கள். ''சரி, இந்த வருஷம் எத்தனை கிரயம் முடிஞ்சுது?'' என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள். ஒரு கை போதும்.

பி.காம். முதல் வருஷப் பாடம்தான்... விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டு கைமாறினால்தான் அது விலை. அதுவரை அது வெறும் பேச்சு.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தீவு. சுற்றிலும் கடல். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. அங்கே மனை விலை ஏறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரைச் சுற்றி என்ன கடலா இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் கரிசக்காடு. அப்புறம் ஏன் ஏறுகிறது?

கிராமத்தில் லாபம் பார்க்க நிலம் விற்பவர் அபூர்வம். மகள் கல்யாணம், மகன் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி பில்... இந்த மூன்றில் ஒன்று கழுத்தை நெரித்தால்தான் மூலப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரும். வாங்குகிறவர் திருப்பூரிலோ துபாயிலோ சம்பாதித்தவர். உழ மாட்டார், வீடும் கட்ட மாட்டார். நாலு மூலையிலும் கல் ஊன்றிவிட்டுப் போய்விடுவார். அதோடு அந்த நிலம் சந்தையை விட்டே வெளியேறிவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் எங்கள் தீவு!

சங்கரன்கோவிலுக்குத் தறி வேலைக்குப் போய்வருகிற உள்ளூர்க்காரர் வீடு கட்ட மூணு சென்ட் கேட்டால், அவரிடமும் துபாய் ரேட்தான் சொல்கிறார்கள்.

இதில் அரசாங்கக் கணக்கு தனி. வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவிகிதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-ல் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றி, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வை 7-ஐயும் சேர்த்தால் 9. பெண்கள் பெயரில் 10 லட்ச ரூபாய் வரை வாங்கினால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை. வீட்டம்மா பெயரில் எழுத இதைவிடவா காரணம் வேண்டும்?

பேச்சு விலை 3 லட்சம், பத்திரத்தில் 1 லட்சம் என்று எழுதி தீர்வையை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். நாளைக்கு அதே இடத்தை நேர்மையாக 4 லட்சத்துக்கு விற்றால், வருமான வரிக் கணக்கில் உங்கள் லாபம் 1 லட்சம் இல்லை, 3 லட்சம். பேங்க் லோனுக்குப் போனாலும் பத்திரத்தைத்தான் புரட்டுவார்கள்.

கல் ஊன்றி பெயின்ட் அடித்துவிட்டால் அது ப்ளாட் ஆகிவிடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அப்ரூவல், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனால் சென்ட் விலையை விசாரியுங்கள், தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'இந்த வருஷம் உள்ளூர்க்காரங்க எத்தனை பேர் புதுசா வீடு கட்டி பால் காய்ச்சினாங்க?'

என்னைக் கேட்டால், ஊரோட நிஜமான ரேட் அதுதான்!