கை படாத பனிக்கட்டி

ஏற்காட்டுக்குப் பனிக்கட்டி எதற்கு என்று சேலத்து நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குளிரைத் தேடி மலையேறி வருகிறவர்கள், களைப்பு ஆறுமுன் கேட்பது குளிர்ந்த பானத்தைத்தான். மாலையில் ஏரியின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டே, பழச்சாற்றில் இரண்டு கட்டி கூடுதலாகப் போடச் சொல்வார்கள்.

நாங்கள் மூவர் சேர்ந்து நடத்தும் சிறு விடுதியில், தொடக்கத்தில், கீழிருந்து வேனில் வரும் பாளங்களைத்தான் வாங்கினோம். சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து, சுத்தியலால் உடைத்த பனிக்கட்டி. அது எங்களுக்கே அருவருப்பாக இருந்தது. பிறகு சேலத்தில் மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து தானியங்கிப் பனிக்கட்டி இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தோம். டம்ளரை வைத்து நெம்புகோலை அழுத்தினால் கட்டிகள் கலகலவென்று விழும். மகிழ்ச்சி தாளாமல், 'கை படாத பனிக்கட்டி' என்று பலகையில் எழுதி மாட்டினோம். பின்னாளில் அந்த மூன்று சொற்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

2023 மே மாதம், கோடை விழாக் கூட்டம். ஈரோட்டிலிருந்து வந்திருந்த குடும்பத்தில் ஒரு பாட்டியம்மாள், சாத்துக்குடிச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஐஸ்ல பாசி வாசம் வருதுங்களே தம்பி" என்றார். மலைத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தோம். அன்று இரவு அவருடைய பேரனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மலைப்பாதையாக இருக்கலாம், வழியில் தின்ற எதுவாகவும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டு நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். பாட்டியம்மாள் டம்ளரை வைத்த விதம் விடவில்லை. நள்ளிரவுக்கு மேல் திருப்புளி எடுத்து முன்பலகையைக் கழற்றினோம்.

கட்டிகள் விழும் குழாயின் உட்புறம் முழுதும் இளஞ்சிவப்பில் ஒரு வழுவழுப்பு. சேமிப்புப் பெட்டியின் மேற்கூரையில் கரும்புள்ளிகளாகப் பூசணம். அதிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டிப் பனிக்கட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி பளபளவென்றிருந்தது. தினமும் துடைத்தோமே!

அதன் பிறகே இயந்திரத்தைப் பற்றிப் படித்தோம். வாங்குமுன் படித்திருக்க வேண்டும். குளிர்ந்த உலோகத் தகட்டின் மேல் நீர் ஓடிக்கொண்டே இருக்க, தூய நீர் முதலில் உறைகிறது, உப்புகள் பின்தங்குகின்றன. கட்டி கண்ணாடிபோல் தெளிந்திருப்பது இதனால்தான். கிருமி இல்லை என்பதற்கு அந்தத் தெளிவு சான்றாகாது. பின்தங்கிய உப்பு தகட்டில் வெள்ளைப் படிவாக ஒட்டுகிறது. அந்தச் சொரசொரப்பில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. உறைநிலை அவற்றையெல்லாம் கொன்றுவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தது பிழை. பல கிருமிகள் அதில் உறங்கிக் கிடந்து, டம்ளரில் உருகும்போது விழித்துக்கொள்கின்றன. 1987இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிணற்றில் வெள்ளநீர் புகுந்த ஒரு பனிக்கட்டி ஆலையிலிருந்து சென்ற கட்டிகளால், கால்பந்துப் போட்டி பார்க்கப் போனவர்கள் உட்பட ஏராளமானோர் நோரோ வைரஸால் வயிறு கெட்டுப் படுத்தார்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. எங்கள் இயந்திரத்தின் சேமிப்புப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியே அல்ல. வெப்பம் புகாமல் காக்கும் வெறும் பெட்டி. உள்ளே கட்டிகள் சிறிது சிறிதாக உருகிக்கொண்டேயிருக்கும். ஆகவே எப்போதும் ஈரம். மூடுபனி சூழ்ந்த மலையில் அந்த ஈரத்துக்குத் துணை வேறு வேண்டுமா? ரொட்டி அடுமனை, மதுவடிசாலை போன்ற, காற்றில் ஈஸ்ட் மிதக்கும் இடங்களில் இவ்வியந்திரங்களில் வழுவழுப்பு விரைவில் படரும் என்கிறார்கள். சேர்வராயன் மலையில் காப்பிப் பழத்தைத் தோல் நீக்கிப் புளிக்கவைக்கும் பருவத்தில் எங்கள் சன்னல்வழி வரும் அந்தப் புளித்த வாசத்துக்கும் இதில் பங்கிருக்கும் என்பது எங்கள் ஊகம்.

எல்லாவற்றையும்விட வெட்கப்படவைத்தது கார்பன் வடிகட்டிதான். தொட்டி நீரில் குளோரின் கலக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த வாசம் பிடிக்காமல், காவலாக நின்ற குளோரினை இயந்திரத்தின் வாசலிலேயே வடிகட்டி வைத்து அகற்றியவர்கள் நாங்களேதான்.

மறுநாள் முழுதும் கழுவினோம். முதலில் உப்புப் படிவை நீக்க அமிலக் கரைசல். தகட்டில் நிக்கல் பூச்சு இருந்தால் அதற்கென்று உள்ள கரைசலையே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு உரிந்துவிடும். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசல். அலசாமல் குளோரினை ஊற்றினால் அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். இதை ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை. அடுத்து, கழற்றக்கூடியவை அனைத்தையும் - குழாய், திரை, கட்டிகளைக் கிளறும் துடுப்பு, ரப்பர்ப் பட்டை - கழற்றித் தேய்த்தோம். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 4 மில்லி வீதம் கலந்தால் பத்து லட்சத்துக்கு 200 பங்கு குளோரின் கிடைக்கும். அதில் ஊறவைத்து, மறுபடி அலசி, தானே உலரவிட்டோம். துணியால் துடைக்கக் கூடாது. துணி தன் அழுக்கையும் சேர்த்துப் பூசும். வடிகுழாய் நேரே சாக்கடைக்குள் இறங்கியிருந்தது. அதை உயர்த்தி, இடையில் வெற்றிடம் விட்டோம். முதலில் விழுந்த கட்டிகளை ரோஜாச் செடிகளுக்குக் கொட்டினோம்.

மகாராஷ்டிரத்தில் 2018இல், உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க உத்தரவிட்டார்கள். மீனுக்கு வைக்கும் பாளம் கரும்புச் சாற்றுக்குள் போய்விடாமல் தடுக்க நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் கண்ட அழுக்குக்கு நிறம் பூச வழியில்லை. சாக்கில் சுற்றிய பாளத்தின் மேலிருந்த மண்ணைக் கண்டு கழுவிக்கொண்டிருந்தோம். பெட்டிக்குள் இருந்ததை இரண்டு ஆண்டுகளாக யாரும் எட்டிப்பார்க்கவில்லை. உற்பத்தியாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது என்கிறார்கள். நாங்கள் மாதந்தோறும் கழற்றுகிறோம்.

அந்தக் குடும்பத்திடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். விழாக் காலம், பேர் கெட்டால் நிமிராது என்றார் ஒருவர். நிரூபணம் ஏதுமில்லையே என்றார் இன்னொருவர். அது உண்மையும்கூட. கடைசியில் பலகையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். பாட்டியம்மாளே எடுத்தார். கண்டதையெல்லாம் சொன்னோம்.

"அதான் அப்பவே சொன்னேனுங்களே" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒரு டம்ளர்ல அள்ளி வெச்சு, நல்லா கரைஞ்சு சூடு ஏறுன பொறவு மோந்து பாருங்க தம்பி. சில்லுனு இருக்கையில ஒண்ணும் தெரியாது" என்றார்.

அதைத்தான் இப்போது தினமும் செய்கிறோம். காலையில் ஒரு ஸ்டீல் டம்ளர் நிறையக் கட்டிகளை அடுப்பு மேடையில் வைத்துவிடுவோம். பத்து மணிக்குச் சமையலறை அக்கா முகர்ந்து பார்ப்பார். எங்கள் மூவரையும்விட அவருக்கு மூக்குக் கூர்மை. போன செவ்வாய்க்கிழமை முகத்தைச் சுளித்தார். எங்கள் மூக்கில் எதுவும் ஏறவில்லை. ஆயினும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திருப்புளியைத் தேடினோம்.